மேட்டிலும் பள்ளத்திலும் அம்பு பக்கவாட்டில் விலகுகிறது: காம்பவுண்ட் வில் சைட்டின் மூன்றாம் அச்சைச் சரிசெய்வது எப்படி?

சரிவுப்பாதை (கேள்வி)

வணக்கம். நான் காம்பவுண்ட் வில்லில் (கப்பிகளும் கேபிள்களும் கொண்ட வில்) ஃபீல்ட் ஆர்ச்சரி (இயற்கை நிலப்பாதையில் நடந்து இலக்குக்கு இலக்கு எய்யும் வில்வித்தை) பழகி வருகிறேன். வசிப்பது சுவிட்சர்லாந்தில். எங்கள் கழகத்தின் பாதை காட்டுக்குள் மலைச்சரிவை ஒட்டி ஏறி இறங்கிச் செல்வதால், சமதளத்தில் எய்யும் இலக்குகளைவிட மேட்டை நோக்கியும் பள்ளத்தை நோக்கியும் எய்யும் இலக்குகளே எனக்கு அதிகம்.

சமதளத்தில் 50 மீட்டர் தூரத்தில் என் அம்புகள் மஞ்சள் வட்டத்தில் நெருக்கமாகக் கூடுகின்றன. அதே தூரத்தில் இலக்கு செங்குத்தான பள்ளத்தில் இருக்கும்போது அம்புக் கூட்டம் சிதறாமல், அப்படியே இடப்புறம் தள்ளிப் போய் விழுகிறது. இலக்கு மேட்டில் இருக்கும்போது ஏறத்தாழ அதே அளவு வலப்புறம் தள்ளிப் போகிறது. உயரத்தில் குறை இல்லை. சரிவுக்கு ஏற்ப தூரத்தைக் குறைத்துத்தான் சைட்டை (வில்லில் பூட்டிய குறிபார்க்கும் கருவி) வைக்கிறேன், அந்தக் கணக்கு சரியாகவே வருகிறது. ஒவ்வொரு முறையும் ஸ்கோப்பில் (சைட்டின் முனையில் உள்ள கண்ணாடி வளையம்) இருக்கும் ரசமட்டக் குமிழி நடுவில் நின்ற பிறகே ரிலீசை (நாணை விடுவிக்கும் கைக்கருவி) இயக்குகிறேன் என்பதால், வில்லைச் சாய்த்துப் பிடிக்கிறேன் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

கழகத்தில் ஒருவர் இது சைட்டின் மூன்றாம் அச்சில் உள்ள பிழை என்கிறார். இன்னொருவர் பள்ளத்தை நோக்கி எய்யும்போது என் உடல் நிலை மாறுவதே காரணம் என்கிறார். இரண்டில் எது என்று எப்படிப் பிரித்தறிவது? மூன்றாம் அச்சுதான் என்றால், அதற்கென விற்கப்படும் தனிக்கருவி இல்லாமல் அதைச் சரிசெய்ய முடியுமா? குமிழி நடுவில் இருக்கும்போதே வில் சாய்ந்திருக்கக்கூடும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை என்பதால், அதை யாராவது சற்று விரிவாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தூக்குநூல்

நண்பரே, நீங்கள் விவரித்திருப்பது மூன்றாம் அச்சுப் பிழையின் அடையாளமேதான். பள்ளத்தில் ஒரு பக்கம், மேட்டில் அதற்கு எதிர்ப்பக்கம், சமதளத்தில் பிழையே இல்லை என்ற மூன்றும் ஒருங்கே அமைந்தால் வேறு காரணத்தைத் தேடும் முன் சைட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அச்சுகள் மூன்றையும் முதலில் பிரித்துக்கொள்வோம். முதல் அச்சு என்பது சைட்டின் செங்குத்துத் தண்டு வில்லின் தளத்துக்கு இணையாக நிற்கிறதா என்பது. அது பிசகினால், தூரத்துக்கு ஏற்ப சைட்டை இறக்கும்போது ஸ்கோப் நேராக இறங்காமல் கோணலாக இறங்கும், அம்பு தூரம் கூடக்கூட ஒரே பக்கம் விலகும். இரண்டாம் அச்சு என்பது, நீங்கள் பார்க்கும் திசையிலிருந்து நோக்கினால், ரசமட்டம் வில்லுக்குச் சரியான செங்கோணத்தில் கிடக்கிறதா என்பது. அது பிசகினால் குமிழி நடுவில் இருக்கும் ஒவ்வொரு முறையும் வில் ஒரே அளவு சாய்ந்திருக்கும், அதன் விளைவு சமதளத்திலேயே தெரிந்துவிடும். மூன்றாம் அச்சு என்பது, மேலிருந்து கீழே பார்த்தால், ரசமட்டக் குழாய் அம்பின் போக்குக்குச் செங்கோணத்தில் இருக்கிறதா என்பது. கீலில் தொங்கும் கதவு திறந்து மூடுவதைப்போல ஸ்கோப் முன்னும் பின்னும் திரும்பக்கூடிய அச்சு இது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்கோப் சற்றே திரும்பி, குழாயின் வலது முனை இடது முனையைவிட இலக்குக்கு அருகில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் வில்லை நேராகப் பிடித்தால் இரு முனைகளும் ஒரே உயரத்தில்தான் இருக்கும், குமிழி நடுவில் நிற்கும், பிழை வெளியே தெரியாது. அதே வில்லைச் சிறிதும் பக்கவாட்டில் சாய்க்காமல் பள்ளத்தை நோக்கிக் குனியவைத்தால், இலக்குப் பக்கம் இருக்கும் பொருள்கள் எல்லாம் தாழ்வதைப்போலக் குழாயின் வலது முனையும் தாழ்கிறது. குமிழி உயர்ந்த முனையை நாடும் என்பதால் இடப்புறம் ஓடுகிறது. வில் நேராகத்தான் நிற்கிறது, குமிழிதான் தவறாகச் சொல்கிறது. அதை நம்பி நீங்கள் குமிழியை நடுவுக்குக் கொண்டுவர வில்லின் மேல்முனையை இடப்புறம் சாய்க்கிறீர்கள். அம்பும் இடப்புறம் போகிறது. மேட்டை நோக்கினால் இவை அனைத்தும் தலைகீழாகி, அம்பு வலப்புறம் போகிறது. நீங்கள் எழுதியிருக்கும் திசைகளை வைத்துப் பார்த்தால், உங்கள் ஸ்கோப்பின் வலது முனைதான் முன்னால் தள்ளியிருக்கிறது என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். வலக்கையரா இடக்கையரா என்பது இதில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்காது.

அளவும் முக்கியம். மூன்றாம் அச்சுப் பிழையின் டேன்ஜன்ட் மதிப்பை நிலச்சரிவுக் கோணத்தின் டேன்ஜன்ட் மதிப்பால் பெருக்கினால், குமிழியை நடுவில் வைத்ததால் வில்லுக்கு நேர்ந்த சாய்வின் சைன் மதிப்பு கிடைக்கும். பிழை 3 பாகை, சரிவு 30 பாகை என்றால் வில் ஏறத்தாழ 1.7 பாகை சாய்ந்திருக்கும். நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் கிளம்பும் அம்பு 50 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.6 நொடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் அது ஈர்ப்பினால் 1.7 மீட்டர் அளவுக்குத் தாழ்கிறது. 30 பாகைச் சரிவில், பார்வைக் கோட்டுக்குக் குறுக்கான பங்கு மட்டும் 1.5 மீட்டர் என்று கொள்ளலாம். அந்தத் தாழ்வை ஈடுசெய்யத்தான் சைட் அம்பை மேல்நோக்கிக் கிளம்பச் செய்கிறது. வில் சாய்ந்தால் அந்த மேல்நோக்கிய பங்கில் ஒரு பகுதி பக்கவாட்டுக்குப் போய்விடுகிறது. 1.5 மீட்டரை 1.7 பாகையின் சைன் மதிப்பால் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 4.5 சென்டிமீட்டர். 80 சென்டிமீட்டர் ஃபீல்ட் இலக்குத் தாளில் 6 புள்ளி வட்டத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர், அதாவது நடுவிலிருந்து விளிம்பு வரை 4 சென்டிமீட்டர்தான். குறையின்றி எய்த அம்பு, வேறு எந்தத் தவறும் இல்லாமலே, 6-இலிருந்து 5-க்குப் போய்விடுகிறது என்பது இதன் பொருள். 40 மில்லிமீட்டர் அகல ஸ்கோப்பில் 3 பாகை என்பது ஒரு முனை மற்றதைவிட 2 மில்லிமீட்டர் முன்னால் இருப்பதற்குச் சமம். வெறுங்கண்ணால் பார்த்தால் இதைக் கண்டுகொள்ள மாட்டோம்.

கோடைமலை

சைட்டில் கைவைக்கும் முன் உடல் நிலையைச் சரிபார்க்கும்படி நான் வேண்டிக்கொள்கிறேன். பள்ளத்தை நோக்கி எய்யும்போது பெரும்பாலோர் நாணை இழுத்த பின் வில் பிடித்த கையை மட்டும் தாழ்த்துகிறார்கள். தோளுக்கும் உடலுக்கும் இடையே இருந்த செங்கோணம் அதனால் குலைகிறது, நாண் முகத்தில் படும் இடம் மாறுகிறது, நாணில் பொருத்திய பீப் என்ற பார்வைத் துளைக்குள் ஸ்கோப் நடுவில் நிற்பதில்லை, பிடியில் முறுக்கு விழுகிறது. முதலில் சமதளத்தில் எய்வதைப்போல நேராக நின்று நாணை இழுத்து, அதன் பிறகு இடுப்பிலிருந்து மேலுடல் முழுவதையும் ஒன்றாகச் சாய்ப்பதே சரியான முறை. மேட்டை நோக்கும்போதும் அப்படியே. பாதங்களை வழக்கத்தைவிடச் சற்று அகலமாக ஊன்றினால் இடுப்பைச் சாய்ப்பது எளிதாகும்.

இன்னொன்று, நிலம் பக்கவாட்டில் சரிந்திருக்கும் இடங்களில் கண் ஏமாறும். சரிந்த நிலத்தையும் வளைந்து வளர்ந்த மரங்களையும் கண் நேர்க்கோடாக எடுத்துக்கொள்வதால், நமக்குத் தெரியாமலே வில்லும் அந்தப் பக்கம் சாயும். 2018-இல் உலக ஃபீல்ட் ஆர்ச்சரி சாம்பியன்ஷிப் நடந்த இத்தாலியின் கோர்ட்டினா டாம்பெட்ஸோ போன்ற மலைப்பகுதிகளில் நிலம் இப்படித்தான் இருக்கும். குமிழியை நடுவில் நிறுத்திய பிறகே குறி பார்க்கத் தொடங்க வேண்டும், குறி பார்த்து முடித்த பிறகு குமிழியைத் தேடினால் வில் மறுபடியும் அசையும்.

உங்களுக்கு 4 அல்லது 5 சென்டிமீட்டர் விலகல் மட்டுமே என்றால், சரிவுக்கு ஏற்ப சைட்டின் பக்கவாட்டுத் திருகை ஓரிரு சொடுக்கு திருப்பிக்கொண்டு எய்தால் போதாதா என்பது என் எண்ணம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சைட்டைக் கழற்றிப் பூட்டுவதில் ஆபத்தும் உண்டு.

தூக்குநூல்

உடல் நிலை பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் ஏற்கிறேன், ஐயா. பக்கவாட்டுத் திருகைப் பற்றிச் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் இதுதான். மூன்றாம் அச்சுப் பிழையால் வரும் விலகல் சரிவின் கோணத்தோடும் மாறுகிறது, தூரத்தோடும் மாறுகிறது, மேடா பள்ளமா என்பதைப் பொறுத்துத் திசையும் மாறுகிறது. மேலே சொன்ன அதே 3 பாகைப் பிழைக்கு 50 மீட்டரில் 20 பாகைச் சரிவில் விலகல் 3 சென்டிமீட்டர், 10 பாகைச் சரிவில் ஒன்றரை சென்டிமீட்டர். தூரம் 30 மீட்டராகக் குறைந்தால், 30 பாகைச் சரிவிலும் விலகல் ஒன்றரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஃபீல்ட் போட்டியின் தகுதிச் சுற்றில் 24 இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் 3 அம்புகள். தூரமே அறிவிக்கப்படாத இலக்குகளும் உண்டு. தூரத்தையும் சரிவையும் கண்ணால் மதிப்பிடவேண்டிய இடத்தில் பக்கவாட்டு விலகலையும் மனக்கணக்காகப் போடச் சொல்வது வில்லாளருக்குத் தேவையற்ற சுமை. திருகை ஒருமுறை திருப்பிவிட்டு அடுத்த இலக்கில் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறந்தால், முன்பு இல்லாத பிழையும் சேர்ந்துகொள்ளும்.

பிழையின் மூலத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. செங்குத்தான சரிவில் 15 மீட்டர் தூரத்தில் எய்து பாருங்கள். அந்தத் தூரத்தில் அம்பின் தாழ்வு 15 சென்டிமீட்டர் அளவே என்பதால், 3 பாகை மூன்றாம் அச்சுப் பிழை அரை சென்டிமீட்டர் விலகலைக்கூடத் தராது. 15 மீட்டரிலேயே அம்பு கண்ணுக்குத் தெரியும்படி விலகினால் காரணம் பிடி, முகத்தில் நாண் அழுத்தம், ஆடையில் நாண் உரசுவது ஆகியவற்றுள் ஒன்றாகத்தான் இருக்கும். 15 மீட்டரில் நடுவிலும் 50 மீட்டரில் விலகியும் விழுந்தால் சைட்டைப் பாருங்கள்.

பட்டறைக்காரன்

சைட்டைத் தனிக்கருவி இல்லாமலும் சரிசெய்யலாம். தேவையானவை தூக்குக்குண்டு கட்டிய பளிச்சென்ற நிற நூல், வில்லைப் பிடித்து நிறுத்த ஒரு வைஸ், எலன் கீகள், உடன் ஒருவர். வரிசை மாறக் கூடாது. முதல் அச்சும் இரண்டாம் அச்சும் சரியாகாத நிலையில் மூன்றாம் அச்சைத் தொட்டால் ஒரு பிழையை இன்னொரு பிழையால் மறைப்பதாகவே முடியும்.

வில்லை வைஸில் பூட்டி, சற்றுத் தொலைவில் தொங்கும் தூக்குநூலுக்கு நேராகப் பின்னால் நின்று பாருங்கள். நாண் அந்த நூலை மேலிருந்து கீழ்வரை மறைக்கும்படி வில்லைத் திருப்பி நிறுத்துங்கள். இந்த நிலையில் சைட்டை அதன் ஓட்டத்தின் மேல்கோடியிலிருந்து கீழ்க்கோடி வரை நகர்த்தும்போது ஸ்கோப்பின் நடுப்புள்ளி நூலை விட்டு விலகக் கூடாது. விலகினால் முதல் அச்சுத் திருகைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள். அடுத்து, வில்லை அசைக்காமல் குமிழியைப் பாருங்கள். நடுவில் இல்லாவிட்டால் இரண்டாம் அச்சுத் திருகைத் தளர்த்தி ஸ்கோப்பைச் சுழற்றி நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். இறுக்கும்போதே ஸ்கோப் சற்று நகரும் என்பதால், இறுக்கிய பிறகு இன்னொரு முறை பார்ப்பது அவசியம்.

மூன்றாம் அச்சைப் பலர் வைஸிலேயே வில்லை முன்னோக்கிக் குனியவைத்துச் சரிசெய்து முடித்துவிடுகிறார்கள். அது தொடக்கத்துக்கு நல்லது, முடிவுக்குப் போதாது. காம்பவுண்ட் வில்லில் கேபிள்கள் அம்பின் வழியில் குறுக்கிடாதபடி ஒரு தண்டு அவற்றைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்திருக்கிறது. நாணை முழுமையாக இழுத்த நிலையில் விரல்களுக்கு வரும் எடை குறைந்தாலும் கேபிள்களின் மேல் சுமை கூடுகிறது. அந்தச் சுமை தண்டின் வழியாக ரைசரை, அதாவது கைப்பிடி அமைந்த வில்லின் நடுப்பகுதியை, முறுக்குகிறது. உங்கள் கைப்பிடியின் அழுத்தமும் அதனோடு சேர்கிறது. ரைசர் முறுக்கிக்கொள்ளும்போது அதில் பூட்டியிருக்கும் சைட்டும் திரும்புகிறது, அதாவது மூன்றாம் அச்சே நகர்கிறது. ஆகவே நாண் தளர்ந்த நிலையில் துல்லியமாக இருந்த ரசமட்டம், அம்பு எய்யும் அந்தக் கணத்தில் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே வில்லை இருவர் பிடித்தால் இந்த முறுக்கு வேறுபடக்கூடும் என்பதால், கடையில் வைத்துச் சரிசெய்து வாங்கிய சைட்டையும் அவரவர் கையில் சோதிக்க வேண்டும்.

இனி, நாணை இழுத்துச் சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். உயரமான மேடை, கரை, படிக்கட்டு என ஏதேனும் ஓரிடத்திலிருந்து கீழே உள்ள அம்புத்தாங்கியை (இலக்குத் தாள் ஒட்டும், அம்பு பதியும் மெத்தை) 30 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட கோணத்தில் பார்க்கும்படி இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். உங்களுக்கும் தாங்கிக்கும் இடையில், தாங்கிக்கு நேராக, தூக்குநூல் நீளமாகத் தொங்கட்டும். காற்று இல்லாத வேளையில் செய்யுங்கள், குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் நூல் ஆடாமல் நிற்கும். அம்பைப் பூட்டி நாணை இழுத்து, மங்கலாகத் தெரியும் நாணும் ஸ்கோப்பின் செங்குத்துக் கம்பியும் தூக்குநூலோடு ஒன்றிவிடும்படி வில்லை நிறுத்துங்கள். ஸ்கோப்பில் புள்ளி மட்டும் இருந்து கம்பி இல்லையென்றால், சோதனைக்காக மட்டும் ஸ்கோப்பின் கண்ணாடி நடுவே மெல்லிய கோடு ஒன்றைச் செங்குத்தாக ஒட்டிக்கொள்ளலாம். இந்த நேரத்தில் குமிழியை நடுவில் வைக்க முயலவே கூடாது, நூலோடு ஒன்றுவது மட்டும்தான் உங்கள் வேலை. ஒன்றிய பிறகு குமிழி எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, நாணை மெதுவாகத் தளர்த்திவிடுங்கள்.

குமிழி நடுவில் நின்றால் சோதனை முடிந்தது. நடுவில் இல்லாவிட்டால் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே. கீழ்நோக்கிப் பார்க்கும்போது குமிழி எந்த முனைக்கு ஓடுகிறதோ அந்த முனை உங்களுக்கு அதிக அருகில் இருக்கிறது, ஆகவே அதை இலக்கை நோக்கித் தள்ள வேண்டும். மேல்நோக்கிப் பார்க்கும்போது குமிழி ஓடிய முனையை உங்களை நோக்கி இழுக்க வேண்டும். மூன்றாம் அச்சுத் திருகை நூலளவு மட்டும் திருப்பி, மறுபடி இழுத்துப் பாருங்கள். ஒரே அமர்வில் தொடர்ந்து நாணை இழுத்துக்கொண்டே இருந்தால் கை சோர்ந்து பிடி மாறும், பிடி மாறினால் முறுக்கும் மாறும் என்பதால், இடையிடையே ஓய்வெடுத்துச் செய்யுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். அம்பு இல்லாமல் நாணை இழுக்கவே கூடாது, ரிலீஸ் தவறிவிட்டால் வில் உடையும், கண்ணுக்கும் ஆபத்து. அம்பைப் பூட்டி இழுக்கும்போது அது தவறிக் கிளம்பினாலும் தாங்கியிலோ மண்ணிலோ சென்று பதியும்படியே நிற்க வேண்டும். இதனால்தான் நான் கீழ்நோக்கிய சோதனையை முதலில் சொன்னேன். மேல்நோக்கிய சோதனையைத் திறந்த வானத்தை நோக்கிச் செய்யாதீர்கள், பின்னால் மலைச்சரிவு உயர்ந்து நிற்கும் இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

சரிவுப்பாதை

அனைவருக்கும் நன்றி. முதலில் 15 மீட்டரில் செங்குத்தான பள்ளத்தை நோக்கி எய்து பார்த்தேன், அம்புகள் நடுவிலேயே கூடின. வைஸில் முதல் இரண்டு அச்சுகளும் சரியாகவே இருந்தன. அதன்பின் எங்கள் கழகத்தின் மரமேடையிலிருந்து கீழ்நோக்கித் தூக்குநூல் சோதனையைச் செய்தபோது, வில் நூலோடு ஒன்றிய நிலையில் குமிழி தெளிவாக இடப்புறம் ஓடியது. இடது முனையை இலக்கை நோக்கிச் சிறிது சிறிதாகத் தள்ளி, வில் நூலோடு ஒன்றியிருக்கும்போதே குமிழி நடுவில் நிற்கும் வரை சரிசெய்துவிட்டேன். 50 மீட்டரில் பள்ளத்தில் இருந்த இடப்புற விலகல் இப்போது இல்லை.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. சரிசெய்த பிறகு வில்லை மறுபடி வைஸில் பூட்டிக் குனியவைத்துப் பார்த்தால், குமிழி இப்போது சற்று வலப்புறம் நிற்கிறது. இது நீங்கள் சொன்ன ரைசர் முறுக்குதானா, அல்லது நான் அளவைத் தாண்டித் திருப்பிவிட்டேனா? இரண்டாவது, ரிகர்வ் வில் (முனைகள் வெளிநோக்கி வளைந்த, கப்பிகள் இல்லாத வில்) பயன்படுத்தும் என் தோழி ஒருவர் இதே பாதையில் எய்கிறார். அவருடைய சைட்டையும் இப்படிச் சோதிக்க வேண்டுமா?

பட்டறைக்காரன்

வைஸில் தெரிவது முறுக்கின் அளவுதான். நாணை இழுத்த நிலையில் நூலோடு பொருந்துகிறது, சரிவில் அம்பும் நடுவில் விழுகிறது என்றால், வைஸ் என்ன சொன்னாலும் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த வலப்புற விலகல் எவ்வளவு என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் சைட் எங்காவது இடித்துக்கொண்டால், மரமேடைக்குப் போகாமலே வைஸில் அதே விலகல் தெரிகிறதா என்று பார்த்து ஏறத்தாழ முடிவு செய்துவிடலாம். நாணையும் கேபிள்களையும் மாற்றினாலோ, கேபிள் தண்டின் கோணத்தை மாற்றினாலோ, வேறு ஸ்கோப் பூட்டினாலோ, மேடைச் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். திருகுகளில் தளர்வதைத் தடுக்கும் பசையை ஒரு சொட்டு இடுங்கள், மலைப்பாதையில் நடக்கும் நடையிலேயே அவை தளரும்.

உங்கள் தோழிக்கு இந்தத் தொல்லை இல்லை. உலக வில்வித்தைக் கூட்டமைப்பான வேர்ல்ட் ஆர்ச்சரியின் விதிகளின்படி ரிகர்வ் வில்லில் ரசமட்டம் வைக்க அனுமதி கிடையாது. ரசமட்டம் இல்லாத இடத்தில் அது தவறாகச் சொல்வதற்கும் இடமில்லை. அவர் வில்லை நேராக நிறுத்துவதைக் கண்ணாலும் உடற்பழக்கத்தாலும்தான் செய்கிறார், ஆகவே கோடைமலை ஐயா சொன்ன சரிந்த நிலத்தின் ஏமாற்று அவருக்கு உங்களைவிட அதிகம் பொருந்தும். சைட்டின் முதல் அச்சை மட்டும் அவர் சோதித்துக்கொள்ளட்டும்.

கோடைமலை

தூக்குநூல் தந்த கணக்கைப் படித்த பிறகு பக்கவாட்டுத் திருகைப் பற்றி நான் வற்புறுத்தப் போவதில்லை, அந்த விளக்கம் எனக்கு நிறைவாக இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சரிசெய்ததை உறுதிப்படுத்த, இலக்குத் தாளை எடுத்துவிட்டு, தாங்கியில் மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோட்டு நாடாவைத் தூக்குநூல் வைத்து ஒட்டி, பள்ளத்திலும் மேட்டிலும் சமதளத்திலும் அந்தக் கோட்டைப் பார்த்து மட்டும் எய்து பாருங்கள். உயரத்தைப் பற்றிய கவலை நீங்கிவிடுவதால் பக்கவாட்டு விலகல் ஒன்றே கண்ணில் படும். மூன்று இடங்களிலும் அம்புகள் கோட்டின் மேலேயே விழுகிறவரை போட்டிக்குச் சைட் தயார் என்று நான் கொள்ள மாட்டேன். மேட்டை நோக்கிய விலகலும் நீங்கியதா என்பதை நீங்கள் இன்னும் எழுதவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

சரிவுப்பாதை

நாடா முறையில் இன்று எய்து பார்த்தேன், ஐயா. பள்ளத்திலும் சமதளத்திலும் அம்புகள் கோட்டிலேயே விழுந்தன. மேட்டை நோக்கி எய்தபோது முன்பிருந்த வலப்புற விலகலில் பெரும்பகுதி நீங்கிவிட்டது, ஆனாலும் கூட்டத்தின் நடு, கோட்டிலிருந்து ஒரு விரலகலம் வலப்புறமே நிற்கிறது. மூன்றாம் அச்சில் பிழை மிஞ்சியிருந்தால் அது பள்ளத்திலும் எதிர்த்திசையில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

தூக்குநூல்

ஆம், தெரிந்திருக்க வேண்டும். பள்ளத்தில் விலகல் அறவே இல்லாமல் மேட்டில் மட்டும் இருந்தால், எஞ்சியது அச்சுப் பிழை அல்ல, திருகை மேற்கொண்டு திருப்பாதீர்கள். திருப்பினால் மேட்டில் சரியாகிப் பள்ளத்தில் கெடும். மேட்டை நோக்கிச் சாயும்போது உடல் எடை பின்காலுக்குப் போய், வில் பிடித்த கையின் மணிக்கட்டு பிடியில் வேறு இடத்தில் அழுந்துவது வழக்கம். அதே மேட்டில் 15 மீட்டருக்கு நாடாவை நெருங்க வைத்து எய்து பாருங்கள். விலகல் தூரத்தின் விகிதத்தில் மட்டும் குறைந்து அங்கேயும் சிறிது தெரிந்தால், பிடியைத்தான் கவனிக்க வேண்டும். உங்கள் பின்னால் ஒருவரை நிறுத்தி, நாணை இழுத்துச் சாய்ந்த பிறகு தோள்களும் இடுப்பும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று படம் எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பு அசையாமல் தோள் மட்டும் உயர்ந்திருந்தால் படத்தில் அது உடனே தெரியும்.